ஆசிட் செத்துவிட்டதா? பேராக் பட்டறைகளின் எட்சிங் தொட்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு

எவர்சில்வர் தகட்டில் எழுத்து சரியாக விழவில்லை என்றால் பட்டறையில் முதலில் எழும் பேச்சு, "ஆசிட் செத்துப்போச்சு". உடனே கரைசலில் பாதியை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவார்கள். அல்லது யாரோ சொன்ன கணக்கில் இன்னொரு அமிலத்தைச் சேர்ப்பார்கள். இரண்டு நாள் வேலை ஓடும். பிறகு அதே கறை, அதே மந்தம், அதே புலம்பல். இந்தத் தொட்டிகளின் வேதியியலையும் பராமரிப்பு முறைகளையும் கழிவுச் சட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கரைசல் உண்மையிலேயே சாகும் நாள் ஒன்று உண்டு. நாம் பழி சொல்லும் நாள்களில் பெரும்பாலானவற்றில் அது உயிரோடுதான் இருக்கிறது. குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான்: தகட்டின் எண்ணெயில், காலை நேரக் குளிர்ச்சியில், கழுவும் தண்ணீரில், சில சமயம் தகடு விற்ற கடையில்.

பேராக்கில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கிந்தாப் பள்ளத்தாக்கின் உலோகப் பட்டறைகள் ஈயச் சுரங்கத்தின் பிள்ளைகள். சரளைப் பம்புக்கும் ஈயக் கப்பலுக்கும் உதிரிப் பாகம் வார்த்துக் கொடுத்து வளர்ந்த தொழில் அது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் டிடி5 கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982இல் ஓய்ந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது சுரங்கத்தை நம்பியிருந்த பட்டறைகள் வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. அதற்குள் ஈப்போவில் மின்னணுத் தொழில் கால் பதித்திருந்தது. கார்செம் 1972இல் இங்கே தொடங்கியது, யூனிசெம் பின்னர் 1990களில் சிம்பாங் பூலாயில் வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது லயங்களை விட்டு வந்த நம் பிள்ளைகளில் பலர் இந்தத் தொழிற்சாலைகளிலும் அவற்றைச் சுற்றிய சிறு பட்டறைகளிலும் சேர்ந்தார்கள். எந்திரப் பெயர்த்தகடு, அளவுக்கோல், சல்லடை, மெல்லிய இடைத்தகடு என்று எவர்சில்வரை இரசாயனத்தால் வெட்டும் வேலை எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு தொட்டியும் அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தொட்டிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் மிக மெல்லிய ஆக்சைடு படலம். வெறும் இரும்பை அரிக்கும் பல அமிலங்கள் இந்தப் படலத்திடம் தோற்றுவிடும். குளோரைடு அதைக் குத்தி உடைக்கும். தொட்டியில் நாம் ஊற்றும் ஃபெரிக் குளோரைடில் குளோரைடும் இருக்கிறது, எலக்ட்ரானைப் பறிக்கும் ஃபெரிக் இரும்பும் இருக்கிறது. படலம் உடைந்த இடத்தில் ஃபெரிக் இரும்பு உலோகத்தைக் கரைத்து, தானும் ஃபெரஸாக இறங்கிவிடும். உலோக இரும்பின் ஓர் அணுவைக் கரைக்க இரண்டு ஃபெரிக் செலவாகும். குரோமியத்துக்கு மூன்று, நிக்கலுக்கு இரண்டு. கரைசல் மஞ்சள்பழுப்பிலிருந்து மெல்ல மெல்லப் பச்சைகலந்த கருமைக்குப் போவது இதனால்தான். ஆனால் நிறத்தை வைத்துக் கரைசலின் வயதைச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இந்த அடர்த்தியில் புதுக் கரைசலும் ஆழத்தில் கறுப்பாகத்தான் தெரியும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் 42 போமே (கனத்தைக் காட்டும் அளவு) கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.41. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 550 கிராம் ஃபெரிக் குளோரைடு இருக்கும். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 ரகத்தில் ஒரு லிட்டருக்கு 30 கிராம் கரைந்தால் ஃபெரிக்கில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். ஏ4 தாள் அளவுள்ள ஒரு தகட்டில் கால்பங்கு பரப்பை 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் கரைவது சுமார் 12 கிராம். ஆக, 100 லிட்டர் தொட்டியில் இப்படிப்பட்ட 240 தகடுகளை எடுத்த பிறகுதான் அந்த மூன்றில் ஒரு பங்கு போகும். 40 தகட்டுக்குள் "ஆசிட் செத்துப்போச்சு" என்று ஒருவர் சொன்னால் கணக்கு அவர் பக்கம் இல்லை.

ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. அங்கே பாலைக் கண்ணால் பார்த்து ஆசிட் ஊற்றியதில்லை. மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று படித்து, தண்ணீர் சேர்த்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நீர்த்த ஃபார்மிக் அமிலம் போகும். அளவு தப்பினால் ஷீட் கெட்டுவிடும் என்று ஸ்டோரில் நின்ற எல்லாருக்கும் தெரியும். எட்சிங் தொட்டிக்கும் அதே ஒழுங்குதான் வேண்டும். ஒரு வித்தியாசம்: மெட்ரோலாக் ஒன்று போதாது. இங்கே நான்கு அளவுகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று நம்மை ஏமாற்றும்.

ஏமாற்றுவது போமேதான். மிதவையை விட்டுப் பார்ப்பது மலிவானது, எளிதானது; அதனால் பல இடங்களில் அந்த ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். போமே காட்டுவது கரைசலின் கனத்தை மட்டுமே. கரைந்த இரும்பும் நிக்கலும் குரோமியமும் கனத்தைக் கூட்டும். ஆகவே பலம் இறங்க இறங்க மிதவை உயர்ந்துகொண்டே போகலாம். 44 காட்டும் கரைசல் சோர்ந்து கிடக்கும். 41 காட்டும் கரைசல் பாய்ந்து வெட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான போமே மிதவைகள் 15.6 பாகை செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. 45 பாகையில் இருக்கும் கரைசலில் நேராக விட்டால் குறைத்துத்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு "தண்ணியாப் போச்சு" என்று கெட்டியான கரைசலை மேலும் ஊற்றினால் தொட்டி பாகு போலாகி, வேகம் இன்னும் விழும். ஒரு குவளையில் மாதிரி எடுத்து, ஆறவிட்டு, எப்போதும் ஒரே வெப்பநிலையில் அளப்பதே வழி.

பலத்தைக் காட்டுவது ஓஆர்பி மீட்டர். கரைசலில் ஃபெரிக்குக்கும் ஃபெரஸுக்கும் உள்ள விகிதத்தை மில்லிவோல்ட்டாகச் சொல்லும் கருவி அது. புதுக் கரைசல் பொதுவாக 600 மில்லிவோல்ட்டுக்கு மேலே நிற்கும். 500ஐ நோக்கி இறங்க இறங்க வெட்டும் வேகம் கண்கூடாகக் குறையும். மின்முனை, வெப்பநிலை, தகட்டின் ரகம் ஆகியவற்றுக்கேற்ப எண் மாறும் என்பதால் பக்கத்துப் பட்டறையின் எண்ணை இரவல் வாங்கக்கூடாது. நல்ல வேலை வந்த நாளில் மீட்டர் என்ன காட்டியது என்று எழுதி வைத்தால் அதுவே உங்கள் தொட்டியின் அளவுகோல். மீட்டரின் முனையில் படியும் சேற்றை வாரந்தோறும் கழுவாவிட்டால் அதுவும் பொய் சொல்லும்.

வெப்பநிலையைப் பற்றி நம் ஊருக்கே உரிய ஒரு மூடநம்பிக்கை உண்டு: "இங்கதான் எப்பவும் சூடாச்சே, ஹீட்டர் எதுக்கு?" ஈப்போவில் விடியற்காலை 24 பாகை, பிற்பகல் 33 பாகை. சாயங்காலம் மழை கொட்டினால் மறுபடி இறங்கும். சூடேற்றாத தொட்டியில் காலை ஏழு மணிக்கு விட்ட தகடும் மதியம் இரண்டு மணிக்கு விட்ட தகடும் ஒரே நேரத்தில் ஒரே ஆழம் வெட்டாது. எவர்சில்வருக்கு வழக்கமாக 40 முதல் 55 பாகை வரை வைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணைவிட முக்கியம், அது நாள் முழுக்க அசையாமல் நிற்பது. உலோகம் கரையும்போது தொட்டி தானாகவும் சூடேறும்; அதிகச் சுமை ஏற்றிய நாளில் குளிர்விக்கும் குழாய் தேவைப்படும். ஹீட்டரும் குளிர்க்குழாயும் டைட்டானியமாக இருக்கட்டும். எவர்சில்வர் குழாயை எவர்சில்வரைத் தின்னும் கரைசலில் போட்டவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டால் சிரிக்க வேண்டாம். அவசரத்துக்கு வாங்கிய பம்பில்கூட அந்தப் பாகம் ஒளிந்திருக்கும்.

நான்காவது, தனி அமிலம். ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உதிரியாக இருக்க வேண்டும். எடையில் அரை விழுக்காடு முதல் ஒரு விழுக்காடு வரை என்பது பொதுவான பழக்கம். அது குறைந்தால் இரும்பு நீரோடு சேர்ந்து பழுப்புச் சேறாகப் பிரியும். தெளிப்பான்கள் அடைக்கும், தகட்டில் படலம் ஒட்டும். கூடினால், வெட்டக்கூடாத இடங்களை மூடிய ரெசிஸ்ட் பூச்சின் ஓரத்தைக் கிளப்பும், புகையும் வரும். இதை பிஎச் தாளால் அளக்க முடியாது. நேரடியாகக் காரம் விட்டு டைட்ரேஷன் செய்தாலும் இரும்பு தன் பங்குக்குக் காரத்தைக் குடித்துக் கணக்கைக் கெடுக்கும். ஃபுளோரைடோ ஆக்சலேட்டோ சேர்த்து இரும்பைக் கட்டிப்போட்ட பிறகே அளக்க வேண்டும். சிறு பட்டறைக்கு இது கடினம் என்பது உண்மை. மாதம் ஒரு மாதிரியை நல்ல ஆய்வகத்துக்குக் கொடுத்தனுப்புவது கடினமில்லை.

இனி, தவறுகளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வருவோம். கோளாறு வந்ததும் தொட்டியின் பக்கம் ஓடாமல் தகட்டின் பக்கம் போக வேண்டும் என்பதே என் முதல் யோசனை. திட்டுத்திட்டாக வெட்டியிருக்கிறதா? சுத்தம் செய்து முடித்த தகடொன்றை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே கண்ணாடிப் படலமாக மேலிருந்து கீழ்வரை ஓட வேண்டும். அரை நிமிடம் அப்படியே நின்றால் தகடு சுத்தம். படலம் எங்காவது பிளந்து, ஓரம் சுருண்டு, முத்துமுத்தாகத் துளி கட்டினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. விரல் ரேகைகூட வட்டமாகத் தெரியும். அந்த வட்டமும் நாளைக்கு வெட்டப்போகும் தகட்டில் வரும் திட்டும் ஒரே இடத்தில் விழுவதைப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் அமிலத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குக் கரைசல் மாற்றுவது எனக்கு விளங்காத விஷயம்.

தகடு மேலே ஒரு ஆழமும் கீழே வேறு ஆழமும் வெட்டினால் கரைசல் அசையவில்லை என்று பொருள். உலோகம் கரைந்து கனத்த திரவம் தகட்டின் மேல் வழிந்து கீழே இறங்கும். முக்கி வைக்கும் தொட்டிகளில் இது கட்டாயம் நடக்கும். காற்றுக் குமிழ் விட்டோ தகட்டை அசைத்தோ இடையிடையே தலைகீழாகத் திருப்பியோ சமாளிக்கலாம். தெளிப்பு எந்திரம் என்றால் அடைத்த தெளிப்பானைத் தேடுங்கள். தெளிப்பில் நிமிடத்துக்கு 10 முதல் 25 மைக்ரான் வரை வெட்டுவது இயல்பு. முக்கி வைத்தால் அதைவிடக் குறையும்.

எழுத்தின் ஓரம் அகன்று, கோடுகள் தடித்துவிட்டால் அது பக்கவாட்டு அரிப்பு. இரசாயனம் கீழே மட்டும் போகாது, ரெசிஸ்டுக்கு அடியிலும் போகும். ஓரளவுக்கு இதைத் தவிர்க்கவே முடியாது; படம் வரையும்போதே கோட்டை மெல்லியதாக வைத்து ஈடுகட்ட வேண்டும். திடீரென்று கூடினால் ரெசிஸ்ட் சரியாக ஒட்டவில்லை, அல்லது தனி அமிலம் ஏறிவிட்டது, அல்லது வெட்டு மந்தமாகித் தகடு அளவுக்கு மீறி உள்ளே கிடந்திருக்கிறது.

கரிப்படலம் ஒட்டினால் தகட்டின் ரகத்தைக் கேளுங்கள். 316 ரகத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது. அது கரைவதில் 304 போல நடந்துகொள்ளாது. கார்பன் அதிகமான தகட்டில் கார்பைடு துகள்கள் கரையாமல் தங்கும். பற்றவைத்த இடத்தை ஒட்டி மட்டும் சொரசொரப்பாக அரித்திருந்தால், சூட்டில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து மணியெல்லைகள் பலவீனமாகியிருக்கின்றன, 0.08 விழுக்காடு வரை கார்பன் உள்ள 304க்குப் பதில் 0.03க்கு மேல் போகாத 304எல் வாங்கியிருக்க வேண்டும். இதை உறுதிசெய்ய ஏஎஸ்டிஎம் ஏ262 தரத்தில் ஒரு சோதனை இருக்கிறது: 10 விழுக்காடு ஆக்சாலிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்தி ஒன்றரை நிமிடம் அரித்து, நுண்ணோக்கியில் மணியெல்லைகளைப் பார்ப்பது. பள்ளம் சூழ்ந்த மணிகள் தெரிந்தால் தகடு சந்தேகத்துக்குரியது. எட்சிங்கே அங்கே நோயறியும் கருவியாகிறது. இன்னொரு வில்லங்கம் 200 வரிசைத் தகடு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 201, பார்வைக்கு 304 மாதிரியே மின்னும். ஒரே நாளில், ஒரே தொட்டியில், இரண்டு கட்டுத் தகடுகள் இரண்டு விதமாக வெட்டினால் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதுதான் பரிகாரம்.

கழுவிய பிறகு மஞ்சள் கறை வந்தால் தண்ணீரைப் பாருங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தகட்டை நேராக நிறையத் தண்ணீரில் முக்கினால் அமிலம் திடீரென்று நீர்த்து, இரும்பு ஹைட்ராக்சைடாகத் தகட்டின் மேலேயே படியும். முதலில் மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓர் அலசல், பிறகு தண்ணீர் என்ற வரிசை அந்தக் கறையைத் தடுக்கும். கிந்தாவில் இன்னொரு கோணமும் உண்டு. நம் பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிறது. கிணற்று நீரிலோ பழைய ஈயக்குட்டை நீரிலோ கால்சியம் கலந்திருக்கும். கடைசி அலசலை அதில் செய்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் மிஞ்சும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது அயனி நீக்கிய நீர் வேண்டும்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் வேகம் வரவில்லை, ஓஆர்பியும் இறங்கிவிட்டது என்றால் அப்போது கரைசலுக்கு உயிரூட்டுவதைப் பேசலாம். ஃபெரஸை மறுபடி ஃபெரிக்காக ஏற்றுவதுதான் வேலை. பெரிய ஆலைகள் குளோரின் வாயுவைச் செலுத்துகின்றன. சிறு பட்டறை அதன் பக்கமே போகக்கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து ஊட்டலாம்; பெராக்சைடோடு தண்ணீரும் உள்ளே வருவதால் போமே இறங்கும், வேகமாக ஊற்றினால் கரைசல் பொங்கிச் சூடேறும். சோடியம் குளோரேட்டும் பயன்படுகிறது. அதில் உப்பு தேங்கும். குளோரேட்டும் அமிலமும் கணக்கு தப்பிச் சேர்ந்தால் குளோரினும் குளோரின் டையாக்சைடும் கிளம்பும். இரண்டும் நுரையீரலைக் கெடுப்பவை, பின்னது வெடிக்கவும் கூடியது. தானியங்கிக் கருவியும் காற்றை இழுத்துக் கழுவும் அமைப்பும் இல்லாத இடத்தில் குளோரேட் வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

எந்த மருந்தும் தொடாத ஒன்று தொட்டியில் தேங்கிக்கொண்டே இருக்கும்: குரோமியமும் நிக்கலும். மேலே போட்ட கணக்கில் லிட்டருக்கு 30 கிராம் எவர்சில்வர் கரைந்ததும் 5.4 கிராம் குரோமியமும் 2.4 கிராம் நிக்கலும் கரைசலில் சேர்ந்துவிட்டன. உயிரூட்டி மறுபடி ஓட்டினால் இரட்டிப்பாகும், பிறகு மும்மடங்காகும். ஓஆர்பி புதுக் கரைசல் போலவே காட்டும். ஆனால் திரவம் தடித்து, தகட்டின் மேல் மெதுவாக நகர்ந்து, நுணுக்கமான கோடுகளுக்குள் புகத் தயங்கும். இதுதான் உண்மையான சாவு. இதைத் தள்ளிப்போட ஒரே வழி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பழையதை வெளியே எடுத்து அதே அளவு புதியதைச் சேர்ப்பது. மாதக் கடைசியில் முழுத்தொட்டியையும் மாற்றுகிறவருக்கு முதல் வாரம் ஒரு வேகம், நான்காம் வாரம் வேறு வேகம். தினமும் மாற்றுகிறவருக்கு என்றும் ஒரே வேகம். செலவு ஏறத்தாழ ஒன்றுதான், தரம் ஒன்றல்ல.

அண்டை வீடுகளான வேறு தொட்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். பற்றவைத்த கருமையைப் போக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலந்த பிக்ளிங் தொட்டிகள் உண்டு. 1981இல் ஓடத் தொடங்கிய சேலம் உருக்காலை போன்ற பெரிய இடங்களில் இதற்கெனத் தனி வரிசைகளும் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. டெல்லி வசீர்பூரின் சிறு பிக்ளிங் கூடங்கள் அமிலக் கழுநீரை வடிகாலில் விட்ட விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தொழில் ஒன்றுதான், கழிவைக் கையாளுவதில்தான் இரண்டுக்கும் இடைவெளி. ஹைட்ரோஃபுளோரிக் தெறித்தால் முதலில் வலிக்காமலே உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்து உயிரையே எடுக்கக்கூடும். வெல்டிங் கடையில் தூரிகையால் பூசும் பசையிலும் அதே அமிலம்தான் இருக்கிறது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாத பட்டறையில் அந்தப் பசை டப்பாவைத் திறக்கவே கூடாது. துருத்தடுப்புப் படலத்தை மீட்டெடுக்கும் வேலைக்கு மட்டும் என்றால் ஏஎஸ்டிஎம் ஏ967 தரம் ஏற்கும் சிட்ரிக் அமிலம் போதும்.

வீட்டில் உப்புத் தண்ணீரும் பேட்டரியும் வைத்து எவர்சில்வரில் பெயர் பொறிக்கிறார்கள். பாதுகாப்பானது என்று நினைப்பதால் இதுதான் அதிக ஆபத்தானது. எவர்சில்வரை நேர்மின்முனையாக்கி உப்பு நீரில் மின்சாரம் செலுத்தும்போது ஆறிணைதிறன் குரோமியம் உண்டாகலாம். அது புற்றுநோய் தரும். ஃபெரிக் குளோரைடுத் தொட்டியில் கரையும் குரோமியம் மூவிணைதிறன் வடிவில் இருக்கும். அது ஆறிணைதிறன் வடிவத்தைவிட நச்சு குறைந்தது. உப்புத் தண்ணீர் என்று சாக்கடையில் ஊற்றுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாக்கடை என்று வந்துவிட்டதால் கழிவுக்கு வருவோம். பேராக்காரர்களுக்கு இரசாயனக் கழிவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. லஹாட்டை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அது கதிரியக்கம், இது வேறு என்று சொல்லலாம். கழிவு எங்கே போகிறது என்ற கேள்வி ஒன்றுதான். ஜொகூர் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம்மில் கொட்டிய கழிவால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூட நேர்ந்தது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்படி செலவழிந்த கனிம அமிலம் எஸ்டபிள்யூ 206, நிக்கல் குரோமியம் கலந்த சேறு எஸ்டபிள்யூ 204. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்க முடியாது. பட்டறைக் கழுநீருக்கு 2009ஆம் ஆண்டு விதிகள்: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் என்றால் லிட்டருக்கு நிக்கல் 0.20 மில்லிகிராம், மற்ற இடங்களில் 1.0, மூவிணைதிறன் குரோமியத்துக்கும் அதே அளவு, ஆறிணைதிறனுக்கு எங்கும் 0.05. நம் தொட்டியில் லிட்டருக்கு 2.4 கிராம் நிக்கல் இருந்ததல்லவா? அதில் ஒரு லிட்டரை வெறும் தண்ணீரால் நீர்த்து 0.20க்குக் கொண்டுவர 12,000 லிட்டர் வேண்டும். நீர்த்துவிடுவதும் சட்டப்படி தீர்வாகாது. 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டபின் உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகிறது.

கழுநீரைச் சுத்திகரிக்கத் தேவையான பொருள் பேராக்கின் மலையிலேயே இருக்கிறது. கிந்தாச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அமிலத்தை அடக்கும், இரும்பையும் குரோமியத்தையும் நிக்கலையும் சேறாகக் கீழே தள்ளும். குரோமியம் பிஎச் 8 அளவிலேயே இறங்கிவிடும். நிக்கலுக்கு 10ஐ ஒட்டிப் போக வேண்டும். குரோமியத்தைப் பார்த்துவிட்டு 8இல் நிறுத்தினால் நிக்கல் தண்ணீரோடு போய்விடும். 10இல் நிறுத்தினால் வெளியே விடும் முன் பிஎச்சை மறுபடி 9க்குள் இறக்க வேண்டும். வடிகட்டிய சேறு அட்டவணைக் கழிவாகவே எண்ணப்படும், உரிமம் பெற்ற வண்டியில்தான் போக வேண்டும். செலவழிந்த கரைசலைக் கொல்லையில் வைத்துச் சுண்ணாம்பு போடுவதற்கோ அனுமதி கிடையாது. விதிகள் ஏற்ற சுத்திகரிப்பு வசதியில் மட்டுமே அதைச் செய்யலாம்.

சிறு பட்டறைகளுக்கு இந்தச் செலவு கனக்கிறது என்பதை மறுக்கவில்லை. நான்கு பீப்பாய்க் கழிவுக்கு ஒரு வண்டி வர வேண்டும். ஒரே தொழிற்பேட்டையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கழிவை ஒப்படைக்க ஏற்பாடு செய்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். ஈப்போவில் 1969 முதல் இயங்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும் கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் இந்தப் பட்டறைகளுக்கு நிக்கல், குரோமியம், தனி அமிலம் ஆகியவற்றை மலிவாக அளந்து கொடுக்க முன்வர வேண்டும். மாணவர்களுக்கும் அது நல்ல பயிற்சி.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதுக் கரைசல் ஊற்றும் நாளிலிருந்து தொட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். தேதி, ஆறவைத்து எடுத்த போமே, வெப்பநிலை, ஓஆர்பி, அன்று வெட்டிய தகடுகள், வெளியே எடுத்த கரைசல், உள்ளே சேர்த்த கரைசல். தமிழோ மலாயோ வங்காளமோ, தொட்டியில் நிற்கிறவருக்கு எழுத வரும் மொழியில் எழுதட்டும். தகட்டின் ரகத்தையும் ஆலைச் சான்றிதழ் எண்ணையும் அதே வரியில் சேருங்கள். மூன்று மாதம் எழுதிய பிறகு, "ஆசிட் செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால், அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.